சாணைத் தூள் தேய்மானத்தைத் தடுக்கும் விந்தை

கத்தி தீட்டுபவர் சாணைச் சக்கரத்தைச் சுழற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கத்தியை வைத்த மாத்திரத்தில் தீப்பொறி பறக்கிறது. அப்பொறிகள் வேறொன்றுமல்ல, கத்தியிலிருந்து தேய்ந்து, சூடேறிப் பறக்கும் எஃகுத் துணுக்குகளே. எஃகையே அரிக்கும் ஆற்றல் சக்கரத்திற்கு எங்கிருந்து வந்தது? பல சாணைச் சக்கரங்களில் உள்ள கடின மணிகள் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு என்னும் பொருளால் ஆனவை. இயற்கையில் படிகமாகக் கிடைக்கும் அலுமினாவுக்குக் குருந்தம் என்று பெயர். 'கொரண்டம்' என்ற ஆங்கிலப் பெயர் நம்முடைய குருந்தத்திலிருந்து பிறந்ததே. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகள். கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோ அளவுகோலில் வைரத்திற்கு 10 என்றால் குருந்தத்திற்கு 9.

இதற்கு நேர் எதிரான ஒரு பொருளையும் நாம் அறிவோம். தோசை ஒட்டாத தவாவின் பூச்சும், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் டெஃப்ளானால் ஆனவை. தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். நகத்தால் கீறினாலும் கோடு விழும்.

இந்த மென்மையான டெஃப்ளானுடன் அந்தக் கடினமான அலுமினாவைத் தூளாக்கிக் கலந்தால் என்ன ஆகும்? இக்கேள்வியை வகுப்பில் கேட்டபோது, "உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும் சார், தானும் தேயும், எதிரில் இருப்பதையும் தேய்க்கும்" என்றார் ஒரு மாணவர். மிகவும் நியாயமான விடைதான். தூள் கரடுமுரடாக இருந்தால் அவர் சொன்னதுபோல் நடக்கவும் கூடும். ஆனால் தூள் மிக மிக நுண்ணியதாக இருந்தபோது டெஃப்ளானின் தேய்மானம் 3000 மடங்கு குறைந்தது என்று சோதனை காட்டியது. அரிப்பதற்கென்றே பெயர்பெற்ற பொருள் தேய்மானத்தைத் தடுப்பது எப்படி? அதனை இக்கட்டுரையில் காண்போம்.

வழுக்குவது வேறு, தேயாமை வேறு

உராய்வு குறைவாக இருந்தால் தேய்மானமும் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது சரியன்று. உராய்வு என்பது ஒரு பரப்பு மற்றொன்றின்மீது நகர்வதை எதிர்க்கும் விசை. தேய்மானம் என்பது அந்நகர்வினால் பொருள் இழக்கப்படுவது. முன்னதை உராய்வுக் குணகத்தால் அளக்கிறோம். பின்னதை அளக்க ஓர் எளிய தொடர்பு உண்டு. 1953இல் ஜான் ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் வெளியிட்ட கருத்தின் வழி வந்த அத்தொடர்பு இதுதான்:

தேய்ந்த கன அளவு = தேய்மான வீதம் × சுமை × சறுக்கிய தூரம்

1 நியூட்டன் சுமையுடன் 1 மீட்டர் சறுக்கும்போது எத்தனை கன மில்லிமீட்டர் பொருள் இழக்கப்படுகிறதோ, அதுவே தேய்மான வீதம்.

தூய டெஃப்ளானின் உராய்வுக் குணகம் பொதுவாக 0.05 முதல் 0.2 வரை அமையும். திடப்பொருள்களில் இது மிகக் குறைவானது. ஆனால் அதன் தேய்மான வீதமோ பத்தாயிரத்தில் சுமார் 7 கன மில்லிமீட்டர். பார்வைக்குச் சிறிய எண்தான். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு டெஃப்ளான் துண்டை எஃகுத் தகட்டின்மீது வைத்து, 100 நியூட்டன் சுமை ஏற்றுங்கள். இது ஏறக்குறைய 10 கிலோகிராம் எடைக்குச் சமம். இத்துண்டை 1 கிலோமீட்டர் தூரம் சறுக்கவிட்டால் 70 கன மில்லிமீட்டர் பொருள் போய்விடும். அதாவது துண்டின் உயரம் 0.7 மில்லிமீட்டர் குறையும். நாள்தோறும் பல கிலோமீட்டர் சறுக்க வேண்டிய எந்திர உறுப்புக்கு இது கட்டுப்படியாகுமா?

எண்ணெய் விட்டால் போகாதா என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் எண்ணெய் விட முடிவதில்லை. நெசவு எந்திரத்தில் எண்ணெய் கசிந்தால் துணியில் கறைபடும். உணவுப்பொருள் எந்திரத்தில் எண்ணெய் உணவில் கலக்கும். எண்ணெய் கலவாத காற்றைத் தரும் அமுக்கிகளில் வளையங்கள் உலர்ந்த நிலையிலேயே இயங்க வேண்டும். தானே வழுக்கும், ஆனால் தேயாத ஒரு திடப்பொருள் இத்தகைய இடங்களுக்கெல்லாம் தேவை. 2017இல் கென்னத் ஹோம்பெர்க், அலி எர்டெமிர் ஆகிய இருவரும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் சுமார் 23 சதவீதம் உராயும் பரப்புகளால் செலவாகிறது. இதில் 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கும், எஞ்சிய 3 சதவீதம் தேய்ந்த உறுப்புகளை மீண்டும் செய்வதற்கும் போகிறதாம். ஆகவே இது வெறும் ஆய்வுக்கூடப் புதிர் அன்று.

டெஃப்ளான் ஏன் தேய்கிறது?

1938 ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையோ குறையவில்லை. அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெண்மையான மெழுகுபோன்ற தூள் இருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிட்டன. இதுவே டெஃப்ளான்.

இச்சங்கிலியின் நடுவில் கார்பன் அணுக்கள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றிலும் ஃபுளூரின் அணுக்கள் உறைபோல் மூடியிருக்கின்றன. எனவே சங்கிலி வழவழப்பான ஒரு கோல்போல் நடந்துகொள்கிறது. பக்கத்துச் சங்கிலியுடன் அதற்கு உள்ள பிணைப்பு மிகவும் வலுவற்றது. மெல்ல இழுத்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன, புதிய சீட்டுக்கட்டை மேசையில் தள்ளினால் சீட்டுகள் விரிவதுபோல. உராய்வு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தேய்மானம் அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்! வேகம் சற்றுக் கூடினால், அதாவது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால், சீட்டுகள் ஒவ்வொன்றாக விரியாமல் கட்டுக்கட்டாகப் பெயர்ந்து வருகின்றன. பரப்பின் கீழே ஒரு விரிசல் தோன்றி, தடையின்றி ஓடி, ஒரு பெரிய தகட்டையே செதிலாகப் பெயர்த்துவிடுகிறது. எந்தக் குணம் வழுக்கலைத் தந்ததோ, அதே குணம் பொருளை அழிக்கிறது. ஆகவே வழுக்கலைக் கெடுக்காமல் விரிசலை மட்டும் தடுக்க வேண்டும்.

பழைய வைத்தியம்

மண்சுவர் கட்டுபவர்கள் மண்ணுடன் வைக்கோலைக் கலந்து மிதிப்பது நமக்குத் தெரியும். காய்ந்த சுவரில் விரிசல் ஓடாமல் வைக்கோல் தடுக்கிறது. இவ்வாறு இரண்டு பொருள்களை, ஒன்றில் மற்றொன்று கரைந்துபோகாமல் சேர்த்து ஆக்கியதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். டெஃப்ளானுக்கும் இதே வைத்தியத்தைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகச் செய்து வந்தார்கள். கண்ணாடி இழை, வெண்கலத் தூள், கார்பன், கிராஃபைட் போன்றவற்றை நிரப்பிகளாகச் சேர்த்தார்கள். தேய்மானம் நூறு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் குறைந்தது.

ஆனால் குறையும் இருந்தது. இந்நிரப்பிகளை நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரையில்கூடச் சேர்க்க வேண்டியிருந்தது. மேலும் கண்ணாடி இழைபோன்ற கடினமான நிரப்பிகளின் முனைகள் பரப்பில் துருத்திக்கொண்டு எதிரே உள்ள உலோகத்தைக் கீறின. இங்கேதான் அந்த மாணவர் சொன்ன உப்புத்தாள் வேலை நடக்கிறது.

துகள் சிறுத்தால் என்ன மாறும்?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பொதுவாக 100 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களை நானோ துகள் என்பர்.

1 கிராம் அலுமினாவை எடுத்துக்கொள்வோம். அதனை 40 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால், எல்லா உருண்டைகளின் மொத்தப் புறப்பரப்பு சுமார் 375 சதுர சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் அளவுதான். அதே 1 கிராமை 40 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் புறப்பரப்பு 37 சதுர மீட்டரைத் தாண்டும். அது 20 அடிக்கு 20 அடி உள்ள ஒரு வகுப்பறையின் தரை! விட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கானால் பரப்பு ஆயிரம் மடங்காகிறது. உருண்டைகளின் எண்ணிக்கையோ நூறு கோடி மடங்காகிறது. மாணவர்கள் இதனைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அலுமினாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4 கிராம் என்று கொள்க.

இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, மிகக் குறைந்த தூளே பொருளெங்கும் நெருக்கமாகப் பரவி நிற்கும். விரிசல் எந்தப் பக்கம் ஓடினாலும் விரைவில் ஒரு துகளில் முட்டியாக வேண்டும். இரண்டாவது, மெருகிட்ட எஃகின் பரப்பில்கூட 100 நானோமீட்டர் அளவில் மேடுபள்ளங்கள் உண்டு. துகள் அதைவிடச் சிறியதானால் எஃகை ஆழமாக உழுது கீற அதனால் முடிவதில்லை. உப்புத்தாளிலும் எண் கூடக்கூடத் தூள் நுண்ணியதாகி, அரிப்பது போய் மெருகிடுவதாக மாறுவதை மரத்தச்சர்கள் அறிவார்கள்.

சோதனை காட்டிய எண்கள்

2003இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கிரெகரி சாயர் என்பவரும் அவருடைய குழுவினரும் 38 நானோமீட்டர் அலுமினாத் தூளை டெஃப்ளானுடன் கலந்து சோதித்தனர். டெஃப்ளானை மற்ற பிளாஸ்டிக்போல் உருக்கி வார்ப்பது கடினம். தூளை அழுத்தி அடையாக்கிச் சூளையில் சுட்டுத்தான் செய்ய வேண்டும். எடையில் 20 சதவீதம் அலுமினா சேர்த்தபோது தேய்மானம் 600 மடங்கு குறைந்தது.

2006இல் டேவிட் பர்ரிஸும் சாயரும் வேறு வகை அலுமினாவை எடுத்துக்கொண்டனர். இது ஒழுங்கற்ற வடிவமுடையது. 80 நானோமீட்டர் அளவுள்ளது என்று குறிக்கப்பட்டது. சதுர மில்லிமீட்டருக்கு 6.3 நியூட்டன் அழுத்தத்தில், வினாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் சோதனை நடந்தது. இம்முறை 1 சதவீதத் தூளே போதுமானதாக இருந்தது. தேய்மானம் 3000 மடங்கு குறைந்தது. 5 சதவீதம் சேர்த்த மாதிரியின் தேய்மான வீதமோ ஒரு கோடியில் 1.3 கன மில்லிமீட்டர்தான்.

முன்பு போட்ட கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்போம். அதே துண்டு, அதே சுமை, அதே 1 கிலோமீட்டர். இப்போது உயரத்தில் குறைவது 0.00013 மில்லிமீட்டர். தூய டெஃப்ளான் 1 கிலோமீட்டரில் இழந்த 0.7 மில்லிமீட்டரை இது இழக்க வேண்டுமானால் 5000 கிலோமீட்டருக்கு மேல் சறுக்க வேண்டும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 5 சதவீத மாதிரியின் உராய்வுக் குணகம் 0.21. சோதித்த மாதிரிகளில் இதுவே உயர்ந்தது. தேய்மானம் மிகக் குறைந்த மாதிரியில் உராய்வு மிகக் கூடியிருக்கிறது. வழுக்குவது வேறு, தேயாமை வேறு என்று முதலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரும்பலகையும் சாக்குக்கட்டியும்

துகள்கள் உள்ளே செய்யும் வேலையைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதல் வேலை, விரிசலை நிறுத்துவது. துணியில் ஓடும் கிழிசல் தையலில் வந்து நின்றுவிடுவதுபோல, ஓடிவரும் விரிசல் துகளில் முட்டி நிற்கிறது. ஆகவே பெரிய செதில்கள் பெயர்வதில்லை. உதிர்வதெல்லாம் மிகச் சிறிய துணுக்குகளே.

இரண்டாவது வேலையை விளக்க ஒரு சாக்குக்கட்டி போதும். நாம் கரும்பலகையில் எழுதுவது எப்படி? சாக்குக்கட்டி தேய்ந்து, அதன் நுண்தூள் பலகையில் ஒட்டிக்கொள்வதால் எழுத்து தெரிகிறது. கட்டி பெரிய துண்டாக உடைந்தால் அது தரையில்தான் விழும், பலகையில் ஒட்டாது. டெஃப்ளானிலும் இதேதான் நடக்கிறது. பெரிய செதில் சறுக்குப் பாதையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. சிறிய துணுக்கோ எஃகின் மேடுபள்ளங்களில் படிந்து, மெல்லிய சீரான ஒரு படலமாகிறது. இதனை ஒட்டுப்படலம் எனலாம். படலம் அமைந்தபின் டெஃப்ளான் எஃகின்மீது சறுக்குவதில்லை. தன்னுடைய படலத்தின்மீதே சறுக்குகிறது. தொடக்கத்தில் சிறிது தேய்ந்து, பிறகு தேய்மானம் ஏறக்குறைய நின்றுவிடுவதாகச் சோதனைகள் காட்டுவதன் பொருள் இதுவே. அந்தத் தொடக்கத் தேய்மானம் வீணல்ல. பின்னால் வரும் பாதுகாப்புக்குக் கொடுக்கும் முன்பணம்.

இங்கு ஓர் ஐயம் எழவேண்டும். எதிலும் ஒட்டாது என்று பெயர்பெற்ற டெஃப்ளான் எஃகில் மட்டும் எப்படி ஒட்டிக்கொள்கிறது? இதற்கான விடைதான் மூன்றாவது வேலை. நன்கு தேய்மானம் தாங்கும் மாதிரிகளில் ஒட்டுப்படலம் வெள்ளையாக இல்லாமல் பழுப்பு நிறமாக மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். நிறம் மாறினால் வேதிமாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். உராய்வின் விசையால் சில கார்பன் சங்கிலிகள் அறுபடுகின்றன. அறுந்த முனைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் ஈரத்துடனும் வினைபுரிந்து கார்பாக்சிலிக் அமில முனைகளாகின்றன. இம்முனைகள் எஃகின் பரப்பையும் பற்றிக்கொள்கின்றன, அலுமினாத் துகள்களையும் பற்றிக்கொள்கின்றன. ஒட்டாத டெஃப்ளானுக்கு உராய்வே பிசின் தயாரித்துக் கொடுக்கிறது!

காற்று இல்லாவிட்டால்?

இவ்விளக்கம் உண்மையானால், காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் இந்தக் கூட்டுப்பொருள் தன் சிறப்பை இழக்க வேண்டும். 2012இல் பிராண்டன் கிரிக்கும் சாயர் குழுவினரும் இதனைச் சோதித்தனர். உலர்ந்த நைட்ரஜனிலும் வெற்றிடத்திலும் அதே பொருள் பல மடங்கு வேகமாகத் தேய்ந்தது. ஈரக்காற்றில்தான் அது தேயாமல் உழைத்தது.

இதன் முக்கியத்துவத்தை எண்ணிப் பாருங்கள். செயற்கைக்கோளில் எண்ணெய் விட ஆளில்லை; விட்ட எண்ணெயும் வெற்றிடத்தில் ஆவியாகும். எனவே தானே வழுக்கும் பொருள் அங்குதான் மிகவும் தேவை. ஆனால் தரையில் ஆய்வுக்கூடக் காற்றில் கிடைத்த எண்களை நம்பி இக்கூட்டுப்பொருளை விண்ணுக்கு அனுப்பினால் ஏமாற்றமே மிஞ்சும். எந்தச் சூழலில் பயன்படப் போகிறதோ, அந்தச் சூழலில் சோதித்த பின்னரே ஒரு பொருளை நம்ப வேண்டும்.

இன்னொரு திருத்தமும் பின்னால் வந்தது. 80 நானோமீட்டர் என்று குறிக்கப்பட்ட அந்தத் தூளை நுட்பமாக ஆராய்ந்தபோது, அது தனித்தனித் துகள்களாக இல்லாமல், மைக்ரோமீட்டர் அளவுள்ள துளைமிகுந்த கட்டிகளாக இருந்தது தெரியவந்தது. 2016இல் வெளிவந்த இவ்வாய்வின்படி, பொரிகடலைபோல் எளிதில் நொறுங்கும் இக்கட்டிகள் உராய்வின்போது உடைந்து நானோ துணுக்குகளாகின்றன. நொறுங்காத திண்மையான துகள்களுக்கு இந்தத் திறமை இல்லை. ஆகவே தூளைக் கலக்கும்போது உள்ள அளவு மட்டும் போதாது. உராயும் இடத்தில் அது என்னவாக மாறுகிறது என்பதே முடிவை நிர்ணயிக்கிறது.

மற்ற கூட்டுப்பொருள்கள்

இவ்வழி டெஃப்ளானுக்கு மட்டும் உரியதன்று. 1996இல் சீனாவின் லாஞ்சோ நகர ஆய்வாளர்கள், பீக் எனப்படும் வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் சிர்கோனியா நானோ துகள்களைச் சேர்த்துச் சோதித்தனர். துகளின் அளவு சிறுக்கச் சிறுக்கத் தேய்மானம் குறைந்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் கிளாஸ் ஃப்ரீட்ரிக், சோங் சாங் முதலியோர் எபாக்சி பிசினிலும் நைலானிலும் குட்டையான கார்பன் இழை, கிராஃபைட் ஆகியவற்றுடன் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளையும் சேர்த்தனர். இதன் அளவு சுமார் 300 நானோமீட்டர். இங்கு சுமையைத் தாங்குவது இழை. துகளோ இழைக்கும் எஃகுக்கும் இடையில் சிறு உருளைகள்போல் உருண்டு, இழை உடையாமல் காக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இத்தகைய கூட்டுப்பொருளில் தேய்மானத்துடன் உராய்வும் குறைகிறது.

உண்மையில் இந்த உத்தி பழைய கள், புதிய மொந்தை எனலாம். டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ரப்பரில் கார்பன் கரி கலந்திருப்பதால்தான். இதன் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவுள்ளவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நானோ என்ற பேச்சே எழாத காலத்தில், கரி சேர்த்த ரப்பர் நெடுநாள் உழைப்பதை மக்கள் அனுபவத்தில் கண்டுகொண்டனர். 1992இல் மிஷெலின் நிறுவனம் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்த கார் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது வீணாகும் ஆற்றலை அது குறைத்தது.

கவனிக்க வேண்டியவை

நானோ துகள் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, கூழில் மாவு கட்டி விழுவதுபோல் கட்டிகளாகும். எபாக்சி போன்ற பிசின்களில் இக்கட்டிகள் விரிசலைத் தடுப்பதற்கு மாறாக விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். எனவே தூள் கூடக்கூட நன்மை கூடுவதில்லை. பெரும்பாலும் சில சதவீதத்திலேயே சிறந்த பயன் கிடைக்கிறது. நுண்தூளைக் கையாள்பவர் அதனை மூச்சில் இழுத்துவிடாமல் காத்துக்கொள்வதும் அவசியம்.

அந்த மாணவரின் விடைக்குத் திரும்புவோம். கடினமான தூள் அரிக்கும் என்று அவர் சொன்னது சாணைச் சக்கரத்தின் அளவில் உண்மை. அதே தூள் நானோ அளவில், தான் எதையும் அரிக்காமல், டெஃப்ளான் தன்னைத்தானே மூடிக்கொள்ள ஒரு போர்வை நெய்ய உதவுகிறது. பொருள் மாறவில்லை; அளவுதான் மாறியது. அளவு மாறியபோது குணமே மாறிவிட்டது.

அடுத்த முறை கரும்பலகையில் எழுதும்போது சற்று நின்று கவனியுங்கள். தரையில் விழும் தூள் எவ்வளவு, பலகையில் ஒட்டும் தூள் எவ்வளவு? விழுவது தேய்மானம், ஒட்டுவது படலம். இவ்விரண்டின் விகிதத்தை மாற்றுவதே மேலே கண்ட ஆய்வுகள் அனைத்தின் சாரம் ஆகும்.